அப்பாவின் டிராக்டருக்கு என்ன விலை?

பழைய டிராக்டர்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார், காவேரிப்பட்டணத்தில் டிராக்டர் பட்டறை வைத்திருப்பவரும், ஓடாமல் கிடக்கும் பழைய வண்டிகளை மறுபடி ஓட வைப்பவருமான நம் நண்பர்.

அப்பா 1982-ல் வாங்கிய மாஸி ஃபெர்கூசன் 1035 பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேட்கிறார். பெங்களூருவில் ரிசார்ட் கட்டும் ஒருவர் அதைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்கிறார். என் மைத்துனரோ, செலவு செய்து புதுசு மாதிரி ஆக்கினால் வெளிநாட்டில் போவதுபோலப் பெரிய விலைக்குப் போகும் என்கிறார். யார் சொல்வது சரி? — பாலக்கோடு வாசகர்

ஆளுக்கு ஒரு கணக்குங்க. இரும்புக்காரருக்கு அது ஒன்றரை டன்னை ஒட்டிய எடை. அன்றைய கிலோ விலையால் பெருக்கி, டயரையும் மண்ணையும் கழித்துவிட்டுப் பேசுகிறார். ரிசார்ட்காரருக்கு அது வாசலில் நிறுத்த ஒரு பொருள். அவருக்கு இன்ஜின் ஓடினாலும் ஒன்றுதான், ஓடாவிட்டாலும் ஒன்றுதான். பானெட்டும் பின் சக்கரமும் முழுசாக இருந்தால் போதும். மைத்துனர் சொல்லும் விலைக்கு இந்த ஊரில் வாங்குகிற ஆள் வேண்டும், அந்த ஆள் எங்கே என்று அவரையே கேளுங்கள்.

1035-ன் மதிப்பு எங்கள் கண்முன்னே பல தடவை மாறியிருக்கிறது. ஊருக்கு ஒன்றிரண்டு டிராக்டர் இருந்த காலத்தில், அது உழவு கூலி சம்பாதித்துக் கொடுக்கும் வண்டி. கேழ்வரகு அறுப்பு முடிந்தால் களத்தில் கதிரைப் பரப்பி, அதன்மேல் வட்டம் அடித்து மிதிக்கவிடவும் அதைத்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் மண்ணைக் கிளறிப் பொடியாக்கும் ரொட்டவேட்டர் வந்தது. கூடுதல் குதிரைத்திறன் வண்டிகள் வந்தன. 35 குதிரைத்திறன் வண்டிக்கு வேலை குறைந்தது. ஆனாலும் ஓடிக்கொண்டிருந்த மற்ற 1035-களுக்கு ஸ்பேர் தேவைப்பட்டதால், நின்றுபோன வண்டிக்கும் ஒரு விலை இருந்தது. கியர் பாக்ஸ் ஒருவருக்கு, கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்ட் ஒருவருக்கு, முன் ஆக்சில் இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுத்தால் முழு வண்டியை விடக் கூடுதலாக வந்த காலம் உண்டு. இப்போது அழகுக்காகக் கேட்கிறவர்கள் வருகிறார்கள். ஓசூர் பக்கம், ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் தோட்ட வீடு கட்டுகிறவர்களிடம் இந்த ஆசையை நிறையப் பார்க்கிறேன்.

உங்கள் வண்டி அபூர்வமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னையில் 1960-ல் தொடங்கிய டாஃபே கம்பெனியின் தயாரிப்பு அது. இன்ஜின் சிம்சன், மூன்று சிலிண்டர். அந்த வரிசை வண்டி இன்றும் ரோட்டில் ஓடுகிறது, ஸ்பேரும் கிடைக்கிறது. ஓட வைக்க அது உங்களுக்கு நல்ல செய்தி, விலைக்கு அது நல்ல செய்தி இல்லை. எல்லாரிடமும் இருக்கிற வண்டிக்கு யாரும் ஏலத்தில் கை தூக்க மாட்டார்கள்.

என் யோசனை இதுதான். விற்கத்தான் போகிறீர்கள் என்றால் பெயின்டுக்கு ஒரு ரூபாய் செலவழிக்காதீர்கள். ஓட வைக்க மட்டும் செலவு செய்யுங்கள்: பேட்டரி, ஃபில்டர், நாசில் சோதனை, டீசல் பம்ப் காலிபரேஷன், ஆயில். நின்ற வண்டிக்கும் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம், பழைய பெயின்டுக்கும் புது பெயின்டுக்கும் உள்ள வித்தியாசத்தைவிட எப்போதும் அதிகம். விற்கப் போவதில்லை என்றால் கணக்கே வேறு. அப்போது எவ்வளவு செலவு செய்வது என்பதை உங்கள் மனசுதான் சொல்ல வேண்டும். ஆர்சி புக்கை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். புத்தகம் தொலைந்த வண்டியை இரும்புக்காரர் மட்டும்தான் தயக்கமில்லாமல் வாங்குவார்.

இங்கிலாந்து, அமெரிக்காவில் பழைய டிராக்டர் ஏலம் போவதை வீடியோவில் பார்க்கிறேன். நம் பக்கம் தோட்டங்களில் சும்மா கிடப்பதை வாங்கி ரிப்பேர் செய்து விற்றால் தொழிலாக வருமா? எனக்கு 22 வயது, டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்திருக்கிறேன். — பர்கூர் வாசகர்

தம்பி, வீடியோவில் வருவது உச்சத்தில் போன வண்டிகள் மட்டுமே. அந்த நாடுகளில் இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த விதத்தைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். சாம்பல் நிற ஃபெர்கூசன் டிஇ-20 என்று ஒரு வண்டி, இங்கிலாந்தில் கவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை செய்தார்கள். 5 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி, 1958 ஜனவரியில் தென் துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இதே ஃபெர்கூசன் டிராக்டர்களில்தான், பனிக்காகக் கொஞ்சம் மாற்றி அமைத்தவை. இவ்வளவு பெருமை இருந்தும், 5 லட்சம் வண்டி பிறந்த இடத்தில் சாதாரண டிஇ-20-க்குப் பெரிய விலை வராது. அமெரிக்காவில் ஃபார்மால் எச் என்ற சிவப்பு வண்டியும் அப்படித்தான், 1939 முதல் 1953 வரை 3 லட்சத்து 90 ஆயிரம் அளவுக்குச் செய்தார்கள்.

இந்த வண்டிகளுக்கு ஏலத்தில் விலை ஏற்றியவர்கள் யார்? சின்ன வயதில் அப்பாவோடு அதே வண்டியில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள். ஓய்வு பெற்று, கையில் காசு சேர்ந்ததும் அந்த வண்டியைத் தேடி வாங்கினார்கள். அவர்களுக்கு வயதாகிவிட்டது. பிள்ளைகள் வேறு வண்டியில் வளர்ந்தவர்கள், அவர்கள் தேடுவதும் வேறு. அதனால் எங்கும் கிடைக்கிற மாடல்களின் விலை இறங்கும், குறைவாகச் செய்த மாடல்களுக்குப் போட்டி குறையாது. இரண்டு ஃபோர்ட்சன் மேஜரை முன்னும் பின்னுமாகச் சேர்த்துச் செய்த டோ ட்ரிபிள் டி, ஜான் டியர் கம்பெனி 1918-ல் வாங்கிய வாட்டர்லூ பாய் வண்டிகள் எல்லாம் அந்த ரகம். நம் பக்கம் அப்படி எதுவும் பாக்கு மரத்தடியில் கிடக்காது, தம்பி.

அங்கே மீட்டெடுக்கிறவர்களே ஒப்புக்கொள்கிற கணக்கு ஒன்று உண்டு: செலவழித்த பணம் விலையில் திரும்பி வராது. நம் ஊரில் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்போம். வண்டியைச் சல்லிசாக வாங்கிவிடலாம். அப்புறம் லாரி வாடகை, கிராங்க் கிரைண்டிங், ஸ்லீவ், பிஸ்டன், நான்கு டயர், டிங்கரிங், பெயின்ட். டயர் ஒன்றே கையைக் கடிக்கும். 1035-க்கு முன்னால் 6.00-16, பின்னால் 12.4-28, இரண்டும் இங்கேயே கிடைக்கும். டிஇ-20-க்கு முன்னால் 4.00-19, பின்னால் 10-28. அந்த முன் டயரைத் தேடி நீங்கள் அலைய வேண்டியிருக்கும்.

தொழிலாக வேண்டுமென்றால் மற்றவர்களின் வண்டிக்குக் கூலி வேலை செய்யுங்கள். பழைய ஹைட்ராலிக் பிரித்துக் கட்டத் தெரிந்த கை இன்று குறைவு. டிப்ளமோ படித்த ஒரு பையன் அதைக் கற்றுக்கொண்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் ஆள் தேடி வருவார்கள். விருப்பத்துக்காக ஒரு வண்டியை உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், அதை விற்பதற்காகத் தொடாதீர்கள். சந்தேகம் இருந்தால் பட்டறைக்கு வாருங்கள், ஒரு ஹைட்ராலிக் கவரைத் திறந்து காட்டுகிறேன்.

எங்கள் தாத்தா வைத்திருந்த சாம்பல் நிற ஃபெர்கூசன் கிடைத்தது. இன்ஜின் ஜாம். வேறு டிராக்டரில் கட்டி இழுத்து, கியர் போட்டு ஓட்டிப் பார்த்தால் விட்டுவிடும் என்கிறார்கள். செய்யலாமா? — அரூர் வாசகர்

வேண்டாம், வேண்டவே வேண்டாம். இந்த ஒரு பதிலுக்காகவே நான் இந்தப் பகுதியில் எழுத ஒப்புக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிய பிஸ்டனை 40 குதிரைத்திறன் வண்டி இழுத்தால் பிஸ்டன் அசையலாம், அதற்கு முன் கனெக்டிங் ராடு வளையலாம், ஒட்டிய வால்வு புஷ் ராடை வளைக்கலாம், கியர் பல் போகலாம். எழுபது வருடம் தாங்கிய இரும்பை ஒரு மதியத்தில் உடைத்துவிடக் கூடாது.

முதலில் உங்கள் டிஇ-20 வண்டியில் இருக்கும் தகட்டைப் பாருங்கள். டிஇஏ என்றால் பெட்ரோல், டிஇடி என்றால் மண்ணெண்ணெய் வகை, அதாவது பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து சூடானதும் மாற்றி ஓட்டுவது, டிஇஎஃப் என்றால் டீசல். அந்தத் தகட்டைக் கழற்றாதீர்கள், தேய்க்காதீர்கள், மேலே பெயின்ட் அடிக்காதீர்கள். வண்டியின் ஜாதகமே அதுதான். தகட்டில் உள்ள நம்பரை ஆர்சி புக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1965 அக்டோபரில்தான் தர்மபுரி தனி மாவட்டம் ஆனது, அதற்கு முன் பதிவான வண்டி என்றால் சேலம் மாவட்டத்துக் காகிதமாகத்தான் இருக்கும். பயந்துவிடாதீர்கள்.

அப்புறம் இன்ஜின். பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் வகை என்று வைத்துச் சொல்கிறேன். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிடுங்கள். டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, பிளக் ஓட்டையைத் துணியால் மூடிவிட்டு வண்டியை மறந்துவிடுங்கள். நாட்கணக்கில் ஆகட்டும். இடையில் மறுபடி ஊற்றுங்கள். சிலிண்டர் ஒன்றில் கலவை இறங்காமல் அப்படியே நின்றால் பிஸ்டன் ரிங் கசிவில்லாமல் நன்றாக அடைத்திருக்கிறது என்று அர்த்தம், உடனே இறங்கினால் அங்கே துருவோ தேய்மானமோ இருக்கிறது.

இன்ஜின் தலைமேல் இருக்கும் ராக்கர் கவரைத் திறந்து வால்வு ஒவ்வொன்றையும் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள், துள்ளி மேலே வர வேண்டும். வராத வால்வு இருக்கும்போது கிராங்கைத் திருப்பாதீர்கள். வால்வு எல்லாம் விட்ட பிறகு முன்னால் ஹேண்டில் போட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். சுற்ற வேண்டாம், ஆட்டுங்கள். முதலில் கட்டை விரல் அகலம் அசையும். அடுத்த நாள் கொஞ்சம் கூட. அந்த முதல் அசைவு கையில் தெரியும்போது வரும் சந்தோஷத்துக்காகத்தான் நான் இத்தனை வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

விட்டுவிட்டால் உடனே ஸ்டார்ட் செய்யத் தோன்றும். பொறுங்கள். ஊற்றிய டீசல் கலவை கீழே சம்ப் என்கிற ஆயில் தொட்டியில் இறங்கியிருக்கும், அந்த ஆயிலை வடித்துப் புதுசு ஊற்றுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழுவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட்டைச் சுத்தம் செய்யுங்கள். பிளக் இல்லாமலேயே கொஞ்ச நேரம் சுற்றவிட்டு, ஆயில் பிரஷர் ஏறுகிறதா என்று மீட்டரில் பார்த்த பிறகுதான் பிளக் போட வேண்டும். இந்த வண்டியில் ஸ்டார்ட்டர் தனி சுவிட்ச் கிடையாது, கியர் லீவரை எஸ் என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் சுற்றும். அதனால் கியரில் இருக்கும்போது தெரியாமல் ஸ்டார்ட் ஆகி ஆள்மேல் ஏறும் ஆபத்து இல்லை. 1946-ல் யோசித்த பாதுகாப்பு.

ஒருவேளை சிலிண்டர் துருப்பிடித்துக் குழியாகியிருந்தாலும் மனம் தளர வேண்டாம். இந்த ஸ்டாண்டர்டு கம்பெனி இன்ஜினில் வெட் ஸ்லீவ்தான், அதாவது வெளிப்பக்கம் தண்ணீர் சூழ்ந்த தனி சிலிண்டர் குழாய், கழற்றி மாற்றலாம், பிளாக் பிழைத்துக்கொள்ளும். அந்தக் காலத்து ஸ்டாண்டர்டு வேன்கார்டு காருக்கும் இதே குடும்பத்து இன்ஜின். ஸ்பேர் தேடும்போது பழைய கார் ஸ்பேர் வைத்திருப்பவர்களிடமும் கேளுங்கள்.

பின்பக்க ஹைட்ராலிக்கை மறக்க வேண்டாம். அதன் பம்ப், கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் குளிக்கும் அதே ஆயிலுக்குள் இருக்கிறது. பல வருடம் நின்ற வண்டியில் அந்த ஆயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கும். வடிகால் போல்ட்டைத் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் வரும், அப்புறம் பால் கலந்ததுபோல் வெளுத்த ஆயில். அதை மாற்றாமல் லிஃப்டைத் தூக்கிப் பார்க்காதீர்கள். கலப்பையைப் பின்னால் மாட்டும் மூன்று முனை இணைப்பு என்று இன்று எல்லா டிராக்டரிலும் இருப்பதை உலகத்துக்குப் பரப்பியவர் ஹாரி ஃபெர்கூசன். கலப்பைக்கு இழுப்பு கூடினால் டாப் லிங்க் என்கிற மேல் கம்பி வழியாகவே லிஃப்டுக்குச் செய்தி போய், ஆழம் தானாகக் குறையும். நம் கல்லாங்காட்டு நிலத்தில் உழுதவர்களுக்கு அதன் அருமை தெரியும். உங்கள் தாத்தாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

50 வருடத்துக்கு மேலான வண்டிக்கு வின்டேஜ் நம்பர் தருகிறார்களாமே, டிராக்டருக்கும் வாங்கலாமா? 15 வருடம் ஆன வண்டியை உடைத்துவிடுவார்கள் என்றும் பயமுறுத்துகிறார்கள். — ஓசூர் வாசகர்

2021-ல் வந்த மத்திய அரசு விதி அது. விஏ என்ற எழுத்து சேர்ந்த நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். ஆனால் இரு சக்கர வண்டிக்கும், ஆட்கள் போகும் எம்-1 வகைக் காருக்கும் மட்டும்தான் அது. டிராக்டர் அந்த வகையில் வராது. நீங்கள் வழக்கமான வழியில், பதிவு முடிந்தபின் 5 வருடத்துக்கு ஒரு தடவை ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டியதுதான். வயதை மட்டும் வைத்து வண்டியை ஓட்டக்கூடாது என்று சொல்வது டெல்லி சுற்றுவட்டாரத்து விதி, அதை ஓசூர் டிஎன் 70-க்கும் கிருஷ்ணகிரி டிஎன் 24-க்கும் சேர்த்துப் பயப்பட வேண்டாம். ரோட்டுக்கே கொண்டுபோகாமல் தோட்டத்துக்குள் நிறுத்தப் போகிறீர்கள் என்றாலும் பதிவை உயிரோடு வைத்திருப்பது நல்லது. பின்னால் கைமாறும்போது அதற்குத் தனி மதிப்பு உண்டு.

என் வீட்டுக்காரர் வைத்திருந்த மஹிந்திரா பி-275 புளிய மரத்தடியில் நிற்கிறது. அவர் போய்ச் சில வருடம் ஆகிறது. மகன் பளபளவென்று சிவப்பு அடித்து, எல்இடி லைட் போட்டு, வீட்டு முன்னால் நிறுத்த வேண்டும் என்கிறான். எனக்கு அது ஓடிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எது சரி? — ராயக்கோட்டை வாசகி

அம்மா, உங்கள் ஆசைதான் வண்டிக்கும் நல்லது. ஓடுகிற இன்ஜினுக்கு வயது மெதுவாக ஏறும், நிறுத்தி வைத்த இன்ஜின் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

பி-275, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் வடிவமைப்பு. 1963-ல் மஹிந்திரா அவர்களோடு கூட்டுச் சேர்ந்து டிராக்டர் தொழிலில் இறங்கியதே இந்த வண்டியோடுதான். நம் நாட்டுப் பழைய டிராக்டர்களில் பிற்காலத்தில் தேடப்படப் போகும் வண்டி என்று நான் நினைப்பது இதைத்தான். அதனால் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பழைய பெயின்ட் முழுக்கப் போய்விடவில்லை என்றால் அதை அப்படியே விடட்டும். வெளிநாட்டில் கடந்த கால ரசனை, புதுசு மாதிரி மின்ன வேண்டும் என்பதாக இருந்தது. இப்போது விஷயம் தெரிந்தவர்கள், தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் தேய்ந்தபடியே இருக்கும் வண்டிக்குக் கூடுதல் மதிப்புத் தருகிறார்கள். புது பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், பழையதை மறுபடி கொண்டுவர முடியாது. கிளட்ச் பெடலைப் பாருங்கள், அதன் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். அவர் பாதம் வைத்த இடம் அது. அதைக் கிரைண்டர் போட்டு மட்டப்படுத்த வேண்டாம் என்று டிங்கரிங் ஆளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எல்இடி வேண்டாம்.

புளிய மரத்தடியிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். புளிய இலை பானெட்டுக்குள்ளும் மட்கார்டு சந்துகளிலும் விழுந்து ஈரம் பிடித்துக்கொள்ளும், அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். கூரையுள்ள இடமாக, கீழே பலகை போட்டு நிறுத்துங்கள், டயர் மண்ணில் பதியக் கூடாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஓட வைத்த பிறகு, மாதம் ஒரு தடவையாவது ஸ்டார்ட் செய்து, இன்ஜின் நன்றாகச் சூடாகும்வரை விட்டு, தோட்டத்தைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் ஓட்டி அணைப்பது கெடுதல். சைலன்சர் வாயில் ஒரு டப்பா கவிழ்த்து வையுங்கள், மழை உள்ளே போகாது. ஸ்டார்ட் செய்யும் முன் எடுத்துவிட வேண்டும் என்று மகனுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

ஐஷர் பழைய வண்டியில் ரேடியேட்டரையே காணோமே, யாராவது கழற்றி விற்றுவிட்டார்களா? — ஊத்தங்கரை வாசகர்

யாரும் விற்கவில்லை. ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின் அது. ஐஷர் 1959-ல் ஃபரிதாபாத்தில் டிராக்டர் தயாரிக்கத் தொடங்கியதே ஜெர்மன் ஐஷரின் இந்த வழியில்தான். தண்ணீர் தேவையில்லை, ஆனால் சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகளில் உமியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்தால் இன்ஜின் கொதித்துவிடும். கம்பரசர் காற்றால் ஊதி, மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள். களத்தில் வேலை செய்த ஒவ்வொரு தடவையும் இதைச் செய்ய வேண்டும்.